கலிஃபோர்னியாவில் கட்டட ஒப்பந்ததாரர் உரிமம்: பி-யா, பி-2-வா?

கலிஃபோர்னியாவில் வீடு கட்டும் அல்லது திருத்தும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க நினைப்பவர் முன்னால் இன்று இரண்டு உரிமங்கள் இருக்கின்றன. ஒன்று, நெடுங்காலமாக இருந்துவரும் பொதுக் கட்டட ஒப்பந்ததாரர் உரிமமான ‘பி’. மற்றொன்று, 2021-இல் நடைமுறைக்கு வந்த, ஏற்கெனவே உள்ள குடியிருப்பு வீடுகளைப் புதுப்பிப்பதற்கு மட்டுமான ‘பி-2’. நான் வைத்திருப்பது பி. ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

செலவிலும் நடைமுறையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்திடம்தான் விண்ணப்பம். கடந்த பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுத் தொழில் அனுபவம், சட்டமும் வணிகமும் பற்றிய ஒரு தேர்வு, தொழில் பற்றிய மற்றொரு தேர்வு, கைரேகைப் பதிவு, 25,000 டாலர் பாண்டு (ஒப்பந்ததாரர் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடுகட்டும் உத்தரவாதப் பத்திரம்) ஆகியவை இரண்டுக்கும் பொது. பாண்டுத் தொகை முழுவதையும் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை; அதற்கான ஆண்டுக் கட்டணத்தை நம் கடன் வரலாற்றைப் பார்த்து பாண்டு நிறுவனம் முடிவு செய்யும். உரிமமே இல்லாமல் சிறு வேலைகள் செய்து காலம் தள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025 முதல், உரிமமின்றிச் செய்யக்கூடிய வேலையின் மதிப்பு வரம்பு 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்ந்திருக்கிறது, ஆனால் கட்டட அனுமதி தேவைப்படும் வேலையையோ, ஆள் வைத்துச் செய்யும் வேலையையோ அந்த விலக்கு காப்பாற்றாது.

முக்கியமான வேறுபாடு ஓர் இடத்தில் இருக்கிறது, அது சுவர். பி-2 உரிமதாரர் அஸ்திவாரம், பாரம் தாங்கும் சுவர், கூரைச் சட்டகம் போன்ற, கட்டடத்தின் எடையைச் சுமக்கும் பகுதிகளில் மாற்றம் செய்ய ஒப்பந்தம் எடுக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. டைல்ஸ், தரை, பெயின்டிங், ட்ரைவால் (உட்சுவரை மூடும் ஜிப்சம் பலகை), அலமாரி, தண்ணீர் திறக்கும் குழாய் (ஃபாசெட்) மாற்றுதல், விளக்கும் மின்விசிறியும் பொருத்துதல் போன்றவற்றில் குறைந்தது மூன்று தொழில்கள் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்தால் அவர் அந்த வேலையை எடுக்கலாம். காகிதத்தில் படிக்கும்போது இது தாராளமான பட்டியலாகவே தோன்றும். சமையலறையும் குளியலறையும் இதற்குள் அடங்கிவிடுகின்றனவே என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் இங்குள்ள வீடுகளின் அமைப்பை அறிந்தவர் அப்படி நினைக்கமாட்டார். நம் ஊர்ச் செங்கல் வீட்டில் எது முக்கியச் சுவர், எது தடுப்பு என்பது பெரும்பாலும் தடிமனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் மரச்சட்டக வீட்டில் இரண்டுமே ட்ரைவால் பலகைக்குப் பின்னால் ஒரே மாதிரியான மரச்சட்டங்கள்தாம்; மேலே பரணில் ஏறி, உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எங்கே வந்து அமர்கின்றன என்று பார்த்தால்தான் ஓரளவு சொல்ல முடியும். 1950-களிலும் 60-களிலும் கட்டப்பட்ட ஒற்றை மாடி வீடுகளை வாங்குபவர்கள் முதலில் கேட்பதே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான், அந்தச் சுவரோ பல வீடுகளில் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

சுவரைத் தொடவே போவதில்லை என்று உறுதியாக இருக்கும் வேலையிலும் இதே சிக்கல் வரும். பழைய குளியலறையின் தரையைப் பெயர்த்தால், ஆண்டுக்கணக்கில் கசிந்த நீரில் அடியிலுள்ள தாங்கு சட்டங்கள் உளுத்துப்போயிருப்பதும், சுவரின் அடிக்கட்டையைக் கரையான் தின்றிருப்பதும் இந்தத் தொழிலில் அன்றாடக் காட்சி. பி உரிமம் இருப்பவர் கூடுதல் வேலைக்கான திருத்த ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, நகராட்சி ஆய்வாளருக்குத் தெரிவித்து, உளுத்த மரச்சட்டங்களை மாற்றிவிட்டு மேலே போகலாம். பி-2 இருப்பவர் அங்கேயே நிற்க வேண்டும். வீட்டுக்காரர் அந்தப் பகுதிக்கு வேறொரு ஒப்பந்ததாரரைத் தனியாகப் பிடிக்க வேண்டும், அதுவரை குளியலறை திறந்து கிடக்கும்.

நிற்காமல் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. உரிம வகைக்கு வெளியே வேலை செய்வதே வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். அதைவிடக் கடுமையானது மாநிலத்தின் வணிக, தொழில்முறைச் சட்டத்தின் 7031-ஆம் பிரிவு: உரிமமின்றிச் செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது, கொடுத்த பணத்தையும் வாடிக்கையாளர் திரும்பக் கேட்கலாம். பாம் ஸ்பிரிங்ஸ் நீர்ப் பூங்காவில் அலைக்குளக் கருவி அமைத்த ஒரு நியூயார்க் நிறுவனத்தின் வழக்கில், பணம் தருவதாகப் பொய்யான வாக்குறுதி கொடுத்தே தன்னை வேலை செய்யவைத்தார்கள் என்று அந்நிறுவனம் வாதாடியும், உரிமம் இல்லாத ஒரே காரணத்தால் மாநில உச்ச நீதிமன்றம் 1991-இல் அதற்கு வழிவிடவில்லை. தவறான வகை உரிமத்தோடு செய்த வேலையையும் உரிமமற்ற வேலை என்றே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். நான் வழக்கறிஞர் அல்லன். நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் அதை எந்த அளவுக்கு ஏற்கும் என்று உறுதி கூறமாட்டேன். ஆனாலும் முழு ஒப்பந்தத் தொகையையும் பணயம் வைத்து அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு விருப்பமில்லை.

பி-2-இன் பலம் அனுபவச் சான்றில் இருக்கிறது. பி கேட்பவர் மரச்சட்டகம் எழுப்பும் வேலையோடு வேறு இரண்டு தொழில்களிலும் அனுபவம் காட்ட வேண்டும். டைல்ஸ், பெயின்டிங், ட்ரைவால் என்று உள்வேலைகளிலேயே ஊறியவரிடம் சட்டக அனுபவம் இருக்காது. அவருக்காகத்தான் இந்தப் புதிய வகையே உருவானது. அவர் பி-2 எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். முதலில் பி-2 எடுத்து, சில ஆண்டுகளில் பி-க்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கைத்தான் ஏற்க முடியவில்லை. பி-2-இன் கீழ் பாரம் தாங்கும் பகுதிகளைத் தொடவே கூடாது என்றால், பி-க்குத் தேவையான சட்டக அனுபவம் அந்த ஆண்டுகளில் எப்படிச் சேரும்? பகலில் இன்னொருவரிடம் சட்டக வேலைக்குப் போனால் சேரும். அப்படிப் போக முடிந்தவர் நேரடியாக பி-க்கே காத்திருக்கலாம். பி-2 வைத்து நான் தொழில் நடத்தியதில்லை என்பதால், அதன் அன்றாட வருமானம் பற்றி எனக்குத் தெரிந்தது அக்கம்பக்கத்தில் கேட்டது மட்டுமே.

பி-க்கும் எல்லை உண்டு. ஒரு வீட்டுக்கு வண்ணம் பூசும் வேலை மட்டும் வந்தால், பொதுவாக அதற்குரிய சிறப்பு உரிமம் வேண்டும், அல்லது அந்த உரிமம் உள்ளவருக்கு உள்ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் புதிதாகச் சிறு குடியிருப்பு கட்டித் தரும் வேலை, இப்போது இம்மாநிலத்தில் நன்றாக ஓடும் வேலை, பி-க்குத் திறந்திருக்கிறது. பி-2-க்கு, ஏற்கெனவே நிற்கும் வீடுகளோடு நின்றுவிடுவதால், அது மூடிய கதவு.

நம் ஊரில் பி.இ. சிவில் முடித்து இங்கு வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர்புடைய பொறியியல் பட்டத்துக்கு மூன்று ஆண்டு வரை அனுபவச் சலுகை கிடைக்கும். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் மதிப்பீட்டு அறிக்கையும் சேர்க்க வேண்டும். மீதமுள்ள ஓராண்டாவது களத்தில் பெற்ற நடைமுறை அனுபவமாக இருக்க வேண்டும், அதை நேரில் பார்த்த முதலாளியோ, மேற்பார்வையாளரோ, சக தொழிலாளரோ கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும். எந்தத் தளத்தில், எந்த மாதங்களில், என்னென்ன சட்டக வேலை செய்தோம் என்பதைச் சம்பளச் சீட்டுகளோடும் அனுமதி எண்களோடும் அப்போதைக்கப்போதே எழுதி வையுங்கள். வாரியம் ஆதாரம் கேட்கும்போது, சான்றளித்தவரின் கையெழுத்துக்குத் துணையாக அவையும் உடனே கைக்கு எட்டும்.