அசெட்டோ கோர்சா கம்பெட்டிசியோனே: காரைக் குறை சொல்லும் முன் மெனுவைப் பாருங்கள்

வளைவில் கார் திரும்ப மறுக்கிறது, பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது, நேர்ப்பாதையில் ஸ்டீயரிங் தானாகவே நடுங்குகிறது. இந்தக் கார் பந்தய சிமுலேட்டரைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் சொல்லும் புகார்களில் முக்கால்வாசி இவைதான். மூன்றிலுமே காரின் செட்டப்பை (டயர் அழுத்தம், சஸ்பென்ஷன் போன்ற அமைப்புகளை) விட, உங்கள் ஸ்டீயரிங், பெடல், திரை ஆகியவை விளையாட்டோடு பொருந்தாததுதான் பெரும்பாலும் காரணம். இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி 2019 மே மாதம் முழுமையாக வெளியிட்ட இந்த விளையாட்டு, ஜிடி3 என்ற பந்தய வகைக் கார்களின் நடத்தையைக் காட்டுவதில் இன்றும் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆனால் அந்த நடத்தை உங்கள் கைக்கு வந்து சேர்வது செட்டிங்ஸைப் பொறுத்தது. அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விளையாட்டு எங்கும் சொல்லித் தருவதில்லை. இதன் பெரிய குறை அதுதான்.

முதலில் பார்வைக் கோணம் (ஃபீல்ட் ஆஃப் வியூ). இங்கே கேட்கப்படுவது செங்குத்துக் கோணம். திரையின் உயரத்தில் பாதியை, கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தால் வகுத்து, அந்த எண்ணை டேன் மதிப்பாகக் கொண்ட கோணத்தை இரட்டிப்பாக்கினால் சரியான எண் கிடைக்கும். 27 அங்குல அகலத்திரையின் உயரம் சுமார் 33.6 செ.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 31 டிகிரி, 70 செ.மீ. என்றால் 27 டிகிரி. 50, 60 என்று வைத்து ஓட்டிப் பழகியவருக்கு இது குகைக்குள் இருந்து பார்ப்பது போலிருக்கும். வேகமும் குறைந்ததாகத் தோன்றும். இருந்தாலும் இரண்டு நாள் மாற்றாமல் ஓட்டுங்கள். கோணம் அகலமாக இருக்கும்போது வளைவு உண்மையைவிடத் தொலைவில் தெரியும், பிரேக் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிப்போகும். திரையைக் கிட்டே இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், கோணமும் கூடும், குகை உணர்வும் குறையும்.

அடுத்தது ஸ்டீயரிங் சுழற்சி. ஸ்டீயரிங்கின் ட்ரைவர் மென்பொருளில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை 900 டிகிரி என்றால் விளையாட்டின் ஸ்டீயர் லாக்கிலும் 900தான் இருக்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து, கையிலுள்ள ஸ்டீயரிங்கைச் சரியாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். திரையில் உள்ளதும் கால் சுற்று திரும்பினால் சரி. அது முந்தினாலோ பிந்தினாலோ இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை. லீனியாரிட்டி 1.00ஐ விட்டு நகர வேண்டாம், அது கேம்பேடுக்கானது.

ஸ்டீயரிங் கைக்குத் திருப்பித் தரும் விசையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் பக்கத்தில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். விசையின் மொத்த அளவான கெயினை 100 வைத்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு. லாஜிடெக் ஜி29 போன்ற சிறிய மோட்டார் உள்ள ஸ்டீயரிங்கால் சுமார் 2 நியூட்டன் மீட்டர் விசைதான் தர முடியும். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓ ரூஜ் பள்ளத்தில் கார் அமுங்கி ரெய்டியோன் மேட்டில் ஏறும் இடத்தைக் கவனியுங்கள். பெடல் பட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை அங்கே உச்சியில் போய் முட்டி நிற்கும். முட்டிய பிறகு முன் டயரின் பிடி கூடினாலும் குறைந்தாலும் கைக்கு ஒரே கனம்தான் தெரியும். டயர் வழுக்கத் தொடங்குவதைச் சொல்லும் அந்தச் சின்னத் தளர்ச்சி காணாமல் போய்விடுகிறது. கெயினை ஐந்து ஐந்தாகக் குறைத்து, நீண்ட வேக வளைவுகளில் பட்டை முட்டாமல், ஓ ரூஜ் போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் தொட்டுத் திரும்பும் அளவில் நிறுத்துங்கள். கை நோகும் அளவு கனம் தேவையே இல்லை.

மினிமம் ஃபோர்ஸ், பல்சக்கரம் வைத்த ஸ்டீயரிங்குகளின் நடுவில் இருக்கும் மந்தத்தைப் போக்குவதற்கு. 0விலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, நேர்ப்பாதையில் கையைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங் இடவலமாக ஆடத் தொடங்கினால் இரண்டு படி இறக்குங்கள். மோட்டாரோடு நேரடியாக இணைந்த டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வைத்திருப்பவர்கள் 0விலேயே விடலாம். ரோட் எஃபெக்ட்ஸ் கூடுதலாகச் சேர்க்கப்படும் அதிர்வுதான். கூடினால் டயரின் பேச்சை மறைக்கும்.

பிரேக் பெடலுக்கு நேரம் ஒதுக்குங்கள், சுற்று நேரம் அதிகம் குறையும் இடம் இதுதான். கால் வசதியாக அழுத்தும் உச்ச அழுத்தத்தில் திரையிலுள்ள பிரேக் பட்டை முழுதாக நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முழு பிரேக் கிடைக்காது. பாதி அழுத்தத்திலேயே நிரம்பினால் மெல்ல விடுவதற்கு இடமே இருக்காது. பிரேக் காமா என்பது இந்த வளைகோட்டைத் தீர்மானிக்கிறது: 1.0இல் பாதி அழுத்தம் பாதி பிரேக், 2.0இல் பாதி அழுத்தம் கால் பங்கு பிரேக். நகர்வை மட்டும் அளக்கும் பெடலில் காமாவைக் கொஞ்சம் ஏற்றினால் மெல்லிய அழுத்தங்கள் பிடிபடும். லோட் செல் பெடல் ஏற்கெனவே அழுத்தத்தை அளப்பதால் 1.0இலிருந்து ஆரம்பித்துப் பார்ப்பதே நல்லது.

ஜிடி3 காரில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று வளைவுக்குள் வரை முழு அழுத்தத்தில் போகிறவர்கள், கார் நேராகவே போகிறது என்பார்கள். ஏபிஎஸ் வேலை செய்துகொண்டிருக்கும்போது முன் டயரின் பிடி முழுவதும் நிறுத்துவதற்கே செலவாகிறது, திரும்புவதற்கு மிச்சம் இல்லை. இத்தாலியின் மோன்ஸா தடத்தில், அடுத்தடுத்த எதிரெதிர் வளைவுகளான முதல் சிகேனில் சோதியுங்கள்: உச்ச வேகத்தில் முதல் அடி வலுவாக, பிறகு வேகம் குறையக் குறைய பெடலை விட்டுக்கொண்டே வந்து, ஸ்டீயரிங் திருப்பும் நேரத்தில் பட்டையில் கொஞ்சம்தான் மிஞ்ச வேண்டும்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் காரின் செட்டப். முதலில் விளையாட்டு தரும் சேஃப் செட்டப்பில் தொடங்குங்கள். அக்ரெசிவ் செட்டப், காரின் பின்பகுதியைச் சட்டென விடுவிக்கும், பழகாதவரை அது நேரத்தைத் தின்னும். முதல் வேலை டயர் அழுத்தம். 2023இல் வந்த 1.9 பதிப்புக்குப் பின் உலர்ந்த தடத்தில் சூடான டயர் 26இலிருந்து 27 பி.எஸ்.ஐ.க்குள் இருப்பதே இலக்கு. பழைய பதிப்புக்குச் சொன்ன 27.5ஐ இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மழை டயருக்கு 30ஐ ஒட்டி வைக்கலாம். பிட்டை (கார்கள் புறப்படும் பணியிடத்தை) விட்டு வந்த முதல் சுற்றில் படித்த எண்ணை நம்பாதீர்கள். மூன்று சுற்று சீரான வேகத்தில் ஓட்டியபின் நான்கு டயரையும் பார்த்து, கூடுதல் குறைவை அப்படியே செட்டப்பில் திருத்துங்கள். மோன்ஸாவில் வலப்பக்க வளைவுகள் அதிகம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடேறும், எனவே அவற்றைத் தொடக்கத்திலேயே குறைவாக வைக்க வேண்டும். நான்கிலும் ஒரே எண்ணை வைத்துவிட்டு இடது முன் டயரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

பிரேக் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் பிரேக் பயாஸ் ஓடும்போதே மாற்றக்கூடியது, ஆகவே ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் நகர்த்தினால் வளைவுக்குள் கார் எளிதாகத் திரும்பும். எல்லை மீறினால் பிரேக் பிடித்தபடி திருப்பும் கணத்தில் பின்பகுதி முந்திக்கொண்டு வரும். ஒரு சமயம் ஒரு கிளிக்தான். பின்சக்கரம் வழுக்காமல் இன்ஜின் சக்தியைக் குறைக்கும் டிசியும் (டிராக்ஷன் கண்ட்ரோல்) அப்படியே: பெரும்பாலான கார்களில் எண் கூடினால் தலையீடு கூடும். வளைவை விட்டு வெளியேறும்போது இன்ஜின் இருமுவது போல் அடிக்கடி வெட்டினால் ஒரு படி குறைக்கலாம், மழையில் இரண்டு மூன்று படி ஏற்றலாம். சஸ்பென்ஷனுக்கான டேம்பர், பம்ப்ஸ்டாப் பக்கங்களை முதல் மாதம் திறக்காமலே இருக்கலாம். அங்குள்ள விளக்கங்கள் மிகச் சுருக்கம். எந்த எண் எந்த வளைவில் என்ன செய்யும் என்று அவற்றிலிருந்து புரியாது.

அதற்கு ஈடாக ஒரு நல்ல வசதி இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் டெலிமெட்ரி (ஓட்டத்தின் தரவுப் பதிவு) சுற்றுகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால், மோடெக் என்ற தரவு ஆய்வு மென்பொருளில் திறக்கும் கோப்பாகப் பதிவாகிறது. இரண்டு சுற்றுகளின் பிரேக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், எங்கே காலை விடத் தாமதித்தீர்கள் என்பது கண்ணால் தெரிந்துவிடும்.

கடைசியாக, சேமித்த செட்டப்பை அப்படியே வேறு வெப்பநிலையில் ஏற்றிவிடாதீர்கள். காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் சூடான அழுத்தம் ஏறக்குறைய 0.1 பி.எஸ்.ஐ. கூடும். 22 டிகிரியில் திருத்திய கோப்பை 30 டிகிரி பந்தயத்தில் பயன்படுத்தினால் ஏறக்குறைய 0.8 இறக்கிவிட்டுத்தான் பிட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கோப்பின் பெயரிலேயே அந்த வெப்பநிலையையும் எழுதிச் சேமித்தால் தேடும் வேலை மிச்சம்.