முதல் ரைஃபிள்: ஏஆர்-15-ஆ, .22-ஆ, போல்ட் ஆக்‌ஷனா?

டெக்சஸில் வீடு வாங்கி, கிரீன் கார்டும் வந்துவிட்ட நம்மவர்கள், ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சி இடம்) ஒருமுறை போய்வந்த சூட்டோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஒரு ஏஆர் வாங்கிடலாமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ரைஃபிளாக ஏஆர்-15 வேண்டாம், ஒரு .22 (சிறிய, மலிவான தோட்டா போடும் ரைஃபிள்) வாங்குங்கள். ஏஆர் இரண்டாவதாக வரட்டும். அதுவும் அதற்கென்று ஒரு வேலை உங்களிடம் இருந்தால் மட்டும்.

ஏஆர் மோசமான துப்பாக்கி என்று நான் சொல்லவில்லை. யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்தது அது. 1959-இல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது, 1964 முதல் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. ராணுவத்தின் எம்16-இல் உள்ள தொடர்சுடும் வசதி இதில் கிடையாது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான். எடை மூன்று கிலோவைச் சுற்றி. தோள்கட்டையை நீட்டிக் குறைக்கலாம் என்பதால் ஆறடி ஆளும் ஐந்தடி ஆளும் ஒரே துப்பாக்கியில் வசதியாகச் சுடலாம். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கும். மேலே உள்ள பள்ளம் வெட்டிய பட்டையில் எந்த ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டலாம். உதிரி பாகம் கிடைக்காத ஊர் இல்லை. ரூகர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகியவற்றின் தொடக்கநிலை மாடல்கள் 600 முதல் 900 டாலருக்குள் கிடைத்துவிடுகின்றன.

எதிர்ப்பக்கம் ரூகர் 10/22 என்ற .22 ரைஃபிள். இதுவும் 1964-இல்தான் கடைக்கு வந்தது. .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா, பத்து தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் (தோட்டாப் பெட்டி), இரண்டே கால் கிலோ எடை, 300 முதல் 400 டாலர் விலை. இதுவும் செமி-ஆட்டோமேட்டிக்தான், அதாவது ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். பார்வைக்குப் பழைய மரக்கட்டைத் துப்பாக்கி போல இருப்பதால் பலர் இதைச் சிறுவர் சாமான் என்று ஒதுக்குகிறார்கள்.

துப்பாக்கி விலையைத்தான் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள், ஆனால் காசு போவது தோட்டாவில். விலை ஏறி இறங்கும், தோராயமாக .22 ஒன்று எட்டு சென்ட் என்றால், ஏஆரில் போடும் .223 அல்லது 5.56 ஒன்று ஐம்பது சென்ட். ஒரு மதியம் நிதானமாகப் பயிற்சி செய்தால் 200 தோட்டா தீரும். .22-இல் அது 16 டாலர், ஏஆரில் 100 டாலர். மாதம் ஒருமுறை போனால் வருடத்துக்கு 192-க்கு எதிராக 1200. இந்தக் கணக்கு ஒருவர் சுடும் விதத்தையே மாற்றிவிடுகிறது. ஏஆர்காரர் இரண்டு மேகசினைக் காலி செய்துவிட்டு, செலவை நினைத்துக் கிளம்பிவிடுகிறார். .22 வைத்திருப்பவர் ஒரே குறியில் மூச்சைக் கட்டி, விசையை மெல்ல அழுத்தி, திரும்பத் திரும்பச் சுடுகிறார். கை படிவது அதில்தான்.

ஏஆரின் உதைப்பு குறைவுதானே என்பார்கள். உண்மை, தோளில் வலிக்காது. புதியவரை மிரள வைப்பது சத்தமும் முகத்தில் அறைகிற காற்றழுத்தமும். .22 ரைஃபிள் சுமார் 140 டெசிபெல் என்றால் ஏஆர் 160-ஐத் தாண்டும். கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்து மேடையிலும் ஒருவர் ஏஆர் சுட்டால் சட்டையே அதிரும். அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தே கண் சுருங்கும், தோள் முன்னால் தள்ளும், விசை வெட்டி இழுபடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. .22-இல் தொடங்கியவருக்கு இது ஒட்டுவதே அரிது. எதைச் சுட்டாலும் காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. சுட்டு முடித்ததும் ஈயத் துகள் போகக் கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள்.

.22-க்கும் குறை உண்டு. விளிம்பில் பற்றவைக்கும் மருந்து உள்ள தோட்டா என்பதால் சில சமயம் வெடிக்காமல் போகும். அப்போது குழலைக் குறிப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். மெழுகும் ஈயமும் சேர்ந்து அழுக்கும் அதிகம். நூறு கெஜத்துக்கு மேல் காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளும். ஆனால் நகரத்து மூடிய ரேஞ்சுகள் பெரும்பாலும் 25 கெஜம்தான். அங்கே ஏஆரின் ஆற்றல் பத்து மடங்கு அதிகம் என்பதால் உங்களுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. பல மூடிய ரேஞ்சுகளில் ரைஃபிள் தோட்டாவைக் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், எஃகு கலந்திருந்தால் அனுமதிக்க மாட்டார்கள்.

ஏஆரையே வாங்கி, .22 தோட்டாவைச் சுட வைக்கும் மாற்று உறுப்பைப் போட்டுக்கொள்ளலாமே என்ற யோசனையும் வரும். சுடும், ஆனால் அந்தக் குழலின் உள்வரிகள் .223-க்காக முறுக்கப்பட்டவை, குறி சிதறும். ஏஆர் வடிவம்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதே பிடி, அதே சேஃப்டியுடன் .22-க்கென்றே செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்பி15-22 நல்ல நடுவழி.

போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் வகை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மான் வேட்டைக்குப் போகிறவர் ரூகர் அமெரிக்கன், சேவேஜ் ஆக்சிஸ் போன்ற ஒன்றை .243-இலோ .308-இலோ வாங்கலாம்; வேறு எதற்கும் முதல் ரைஃபிளாக அது தேவையில்லை. டெக்சஸில் மானை .223-ஆல் சுடச் சட்டம் அனுமதிக்கிறது, .22 எல்ஆர் கூடாது. கொலராடோவில் .24 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள தோட்டாவால் பெரிய விலங்கை வேட்டையாட முடியாது. ஏஆருக்கு உண்மையான வேலை இருப்பது டெக்சஸின் காட்டுப்பன்றி விஷயத்தில். பயிரை உழுதுபோடும் கூட்டத்தை வருடம் முழுக்கச் சுடலாம், அங்கே அடுத்த தோட்டா உடனே வேண்டும். இன்னொன்று, சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்) நடத்தும் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ வகை ரைஃபிள்) போட்டிகள். 200, 300, 600 கெஜத்தில் அந்தப் பிரிவையே ஏஆர் ஆள்கிறது.

"வீட்டுப் பாதுகாப்புக்கு" என்கிறவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேசுவேன். இங்குள்ள வீடுகள் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். தவறிய தோட்டா அடுத்த அறைக்குப் போகும், அங்கே பிள்ளைகள் தூங்குவார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மன அழுத்தத்தில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளையோ வேலை போன பெரியவரோ உள்ள வீட்டில் பூட்டாத துப்பாக்கி, திருடனைவிடப் பெரிய ஆபத்து. 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால் டெக்சஸ் சட்டப்படி வைத்தவர் மேல் குற்றம். சேஃப் (துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டி) வாங்கப் பணம் இல்லையென்றால் துப்பாக்கி வாங்கவும் பணம் இல்லை என்றே கொள்ளுங்கள். இது .22-க்கும் அப்படியே பொருந்தும்.

ஏஆருக்கென்று ஒரு கனம் இருப்பதையும் மறைக்க மாட்டேன். 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தது இந்த வகை ரைஃபிளால். 2023 மே மாதம் டல்லஸ் அருகே ஆலன் நகர அவுட்லெட் மாலில் எட்டுப் பேர் இறந்ததும் இதே வகையால். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த இளம் பொறியாளர். நம்மில் பலர் சனிக்கிழமை சட்டை வாங்கப் போகும் இடம் அது. சட்டப்படி வாங்குகிற லட்சக்கணக்கானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை, தெரியும். ஆனாலும் வீட்டில் மனைவியோ கணவரோ "வேண்டாம்" என்றால், அதைப் பயந்த சுபாவம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து, நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற சங்கதி. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். கடையில் 4473 படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். கஞ்சா பற்றிய கேள்வி அதில் இருக்கிறது. மாநிலம் அனுமதித்தாலும் கூட்டரசு அனுமதிப்பதில்லை, பொய் எழுதினால் பெருங்குற்றம். துப்பாக்கிச் சட்டமீறலில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்த முடியும்.

வேலை மாறி ஊர் மாறுகிறவர்களும் நாம்தான். இன்று டெக்சஸின் பிளேனோ, நாளை நியூ ஜெர்சியின் எடிசன் அல்லது கலிஃபோர்னியாவின் சன்னிவேல். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, நியூயார்க், மேரிலாந்து, இலினாய், வாஷிங்டன் எல்லாம் வழக்கமான ஏஆரைத் தடுக்கும் மாநிலங்கள். 30 தோட்டா மேகசினும் பலவற்றில் கூடாது. எளிய வடிவ 10/22-ஐப் பத்துத் தோட்டா மேகசினுடன் இந்த மாநிலங்களிலும் வைத்திருக்கலாம், அந்தந்த மாநிலத்தின் அட்டையும் அனுமதியும் எடுத்துக்கொண்டால்.

இத்தனைக்கும் பிறகு ஏஆர்தான் என்று முடிவானால், முதலில் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். குழலில் 5.56 என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள், அதில் .223-ஐயும் சுடலாம். .223 மட்டும் என்று பொறித்த குழலில் 5.56 போடுவது கூடாது, அழுத்தம் எல்லை மீறும். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது முதல் துப்பாக்கிக்கு வேண்டாம்.

900 டாலர் கையில் இருந்தால் நான் பிரிப்பது இப்படி: 350-க்கு 10/22, 250-க்குச் சுவரில் அறையும் எஃகுப் பெட்டி, 60-க்குக் காதுமூடியும் கண்ணாடியும், 160-க்கு இரண்டாயிரம் தோட்டா. மிச்சம் ஆப்பிள்சீட் என்ற வார இறுதி ரைஃபிள் பயிற்சிக்கு. அங்கே 25 மீட்டரில், 400 கெஜம் வரையான தூரத்துக்கு ஏற்பச் சுருக்கிய குறிகளைச் சுடக் கற்றுத்தருகிறார்கள். வருகிறவர்களில் பலர் கையிலும் .22-தான்.