கைக்குழந்தை வீட்டில் கிளைடர் ரிக்லைனர்: 14 மாத அனுபவம்

"ஊஞ்சலு இருக்கிற வீட்டுக்கு ஆடுற நாக்காலி என்னத்துக்கு ஆத்தா?" ஆயா, அதாவது என் பாட்டி, கேட்டது நியாயமான கேள்விதான். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தபோது எட்டு மாதம். ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்தேன். கை வைக்க இடமில்லை, சாய முடியாது. ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அதில் பால் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்காரர், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு ஈசிசேரைப் பார்த்து வைத்திருந்தார். அழகான மரம், பாதி விலை. ஆனால் அதிலிருந்து எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டும். குழந்தையை அப்போது யார் பிடிப்பது? சரி, ஆடவும் சாயவும் கால் நீட்டவும் முடிகிற கிளைடர் ரிக்லைனர்தான் என்று முடிவு செய்து மதுரை வரை போய் வந்தோம்.

கடையில் 'ஆடும் ரிக்லைனர்' என்று காட்டுவதில் பெரும்பாலானவை ராக்கர்தான். அது வளைவில் ஆடும், தலை மேலும் கீழும் போய் வரும். கிளைடர் அப்படியில்லை, மேசை இழுப்பறையை இழுத்துத் தள்ளுவது போல ஒரே மட்டத்தில் முன்னும் பின்னும் நகரும். பெயரை நம்பாமல் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். நான் மூன்று கிலோ அரிசியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதை மடியில் ஏந்தி ஒவ்வொரு நாற்காலியிலும் பத்து நிமிடம். கடைப் பையன் சிரித்துக்கொண்டே இருந்தான். ஆனால் அந்த அரிசிப் பைதான் உண்மையைச் சொன்னது. கைப்பிடி தாழ்ந்திருந்தால் தோள் இறங்கி, ஐந்தாவது நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது. இருக்கை ஆழமாக இருந்தால் பாதம் தரையில் படாமல் முதுகு வளைகிறது. பஞ்சு மெத்துமெத்தென்று இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு. புதுக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

34,000 ரூபாய்க்கு எடுத்தோம். மோட்டார் வேண்டாம் என்றது நான்தான். கால் நீட்டிய நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது?

வீட்டுக்குள் கொண்டுவந்ததைத் தனிக்கதையாகவே எழுதலாம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று எத்தனை நிலைப்படி! முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிற வீடு என்பதால் வண்டியைப் பின்பக்கம் சுற்றி வரச் சொன்னோம். அப்படியும் அறைக் கதவில் மாட்டிக்கொண்டது. முதுகுப் பகுதியின் பின்னால், துணிக்கு அடியில், இரண்டு பக்கமும் சிறிய இரும்புக் கொக்கி இருக்கிறது. அதை நெம்பினால் முதுகு தனியாகக் கழன்று வந்துவிடும். கொண்டுவந்தவர்களுக்கே அது தெரியவில்லை.

அடுத்த வம்பு தரை. ஆத்தங்குடிக் கல் வழுவழுவென்று இருக்குமே, ஆட ஆட நாற்காலியே பின்னால் நகர்ந்தது. ஒரு வாரத்தில் சுவரில் முட்டி, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த அந்தக் காலத்துப் பூச்சில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஆயா ரெண்டு நாள் பேசவில்லை. அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்த பிறகுதான் சரியானது. சாய்வதற்கு எப்படியும் அந்த இடம் தேவை.

ரெக்ஸின் வேண்டாம், துணி உறையே எடுங்கள். சித்திரை வெயிலில் ரெக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் என் நாற்காலியின் உறையைக் கழற்றித் துவைக்க முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் பழைய கண்டாங்கியை மடித்து விரித்தோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, என் மகள் தினமும் அதில்தான் பால் கக்கினாள்.

கடையில் யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. கால்பலகையை மூட இரண்டு குதிகாலாலும் அழுத்தி மடக்க வேண்டும். எனக்கு சிசேரியன். முதல் ஒரு மாதம் அதைச் செய்தால் தையல் போட்ட இடத்தில் சுரீர் என்றது. அதனால் கால்பலகையைத் தொடாமல் ஒரு முக்காலியில்தான் கால் வைத்திருந்தேன். கால்பலகையைத் திறக்கும் விசை வலது பக்கம் இருப்பதால், குழந்தையின் தலை வலது கையில் இருக்கும்போது இடது கையைக் குறுக்கே நீட்டித் துழாவ வேண்டும். கால்பலகை மூடும் 'டக்' சத்தத்தில் தூங்கிய பிள்ளை விழித்த கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டாம் மாதம் பேரிங்கில் கீச்சு வந்தது. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், வந்து சேர 24 நாள் ஆயிற்று. அதற்குள் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு அப்பாவே சரிசெய்துவிட்டார்.

ஆட்டம் உண்மையாகவே சுகம், அதனால்தான் பயமும். இரண்டு தடவை பிள்ளையை மார்பில் போட்டபடியே கண் அசந்துவிட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2022 வழிகாட்டுதல், குழந்தையோடு சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் தூங்கிவிடுவதை மிக ஆபத்தானது என்கிறது. குழந்தை இடுக்கில் சரிந்து மூச்சு அடைபடலாம். அதன் பிறகு ராத்திரிப் பாலுக்கு அம்மா எதிரே உட்கார்ந்திருப்பார்கள். குடித்து முடித்ததும் பிள்ளையை வாங்கித் தொட்டிலில் மல்லாக்கப் போடுவது அவர்கள் வேலை.

தவழ ஆரம்பித்ததும் அடுத்த கவலை. கால்பலகைக்கும் இருக்கைக்கும் நடுவே கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் இரும்புச் சட்டங்கள் இருக்கின்றன. அவளுடைய விரல் சரியாக அந்த அளவு. விசையை நாடாவால் கட்டிப் போட்டுவிட்டேன். கால்பலகையைத் திறந்து ஐந்து மாதம் ஆகிறது.

சித்தி மகளுக்கு ஆவணியில் பிரசவம். பாதி விலைக்குக் கேட்கிறாள். அவள் என்னைவிட அரை அடி குட்டை, பாதம் தரையில் படுமோ என்னவோ. வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அவள் வீட்டு அறைக் கதவின் அகலத்தையும் டேப்பால் அளந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், வண்டி வந்தால் பின்வாசல் தெருவுக்கு.