போட்டுக்கு முளைத்த பழுப்பு மீசை: எதைப் போட்டு எடுப்பது, எதைப் பூசித் தடுப்பது?

வெள்ளை ஃபைபர் போட்டை அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். அணியத்தில், அதாவது போட்டின் முன்முனையில், தண்ணீர் தெறிக்கும் உயரத்தில், இரண்டு பக்கமும் பழுப்பாக ஒரு மீசை முளைத்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் அழுக்கு போகும், மீசை போகாது. பிச்சாவரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தண்ணீரில், சுரபுன்னையின் பட்டையும் இலையும் வருடம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கின்றன. பருத்தி வலை இருந்த காலத்தில், அது சீக்கிரம் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையைக் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். அந்தத் துவர்ப்புச் சத்துதான் இப்போது கேட்காமலே போட்டுக்கும் சாயம் ஏற்றிவிடுகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் உள்நாட்டு நீர்வழியில் ஓடும் படகுகளுக்கும் இதே தொல்லை உண்டு. அங்கேயும் இதற்குப் பெயர் மீசைதான்.

ஃபைபர் போட்டின் மேல்தோல் ஜெல்கோட் எனப்படும் பாலியஸ்டர் பிசின் பூச்சு. கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலில் காய்ந்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டத் தொடங்கிவிட்டால், அதில் நுண்துளைகள் திறந்துவிட்டன, கறை உள்ளே இறங்கிவிடும் என்று அர்த்தம். அங்கே இறங்கிய கறையைக் கரைத்து எடுக்கலாம், அல்லது தோலோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கலாம். சந்தையில் இருக்கும் எல்லாச் சாமானும் இந்த இரண்டில் ஒரு வேலையைத்தான் செய்கிறது.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கறையில் தேய்த்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். பழுப்பு லேசாக வெளுத்தால் அது துவர்ப்பு, அல்லது இரும்பு. வெள்ளைத் திட்டு மெல்ல நுரைத்துக் கரைந்தால், போர் தண்ணீர் காய்ந்து விட்ட சுண்ணாம்பு உப்பு. பச்சையாக வழுக்கினால் பாசி. அதற்குப் பழமே வேண்டாம். ஸ்டீல் போல்ட்டுகளுக்குக் கீழே கறை கறுப்பாக ஒழுகியிருந்தால் துவர்ப்பும் இரும்பும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. துவர்ப்புள்ள கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த இரண்டின் சேர்க்கையால்தான். அப்படிப் பார்த்தால் நம் போட்டின் மேல் ஒழுகியிருப்பது அசல் மை.

துவர்ப்புக்கும் துருவுக்கும் என் ஓட்டு ஆக்ஸாலிக் ஆசிட்டுக்கு. மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. படகுக்கென்று அழகான பாட்டிலில் வரும் கறைநீக்கி ஜெல்கள் பலவற்றிலும் வேலை செய்வது இதுவேதான். இது இரும்பைப் பிடித்து, தண்ணீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். துவர்ப்புச் சாயத்தையும் வெளுக்கும். ஜெல்கோட்டை அரிக்காது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போட்டால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. செங்குத்தான பக்கத்தில் வழிந்து ஓடிவிடும் என்பதால் ஆறிய மைதாக் கஞ்சியில் கலந்து பூசுகிறேன். பத்து நிமிடம், நிழலில். காய விடாமல் கழுவிவிட வேண்டும். மீசை தேய்க்காமலே கஞ்சியோடு இறங்கி வருவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, சொன்னால் புரியாது.

இதற்கும் ஒரு குறை உண்டு. கால்சியம் நிறைந்த தண்ணீரில் கரைத்தாலோ கழுவினாலோ, கரையாத கால்சியம் ஆக்ஸலேட் உண்டாகி வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கையை அரிக்கவைக்கும் ஊசிப்படிகமும், பலருக்குச் சிறுநீரகத்தில் வரும் கல்லும் இதே பொருள்தான். எனவே கடல் தண்ணீரும் உப்புப் போர் தண்ணீரும் வேண்டாம், மழைத்தண்ணீர் கிடைத்தால் உத்தமம். வெள்ளைச் சுண்ணாம்புத் திட்டுக்கும் இதைத் தொடாதீர்கள். அங்கே வினிகரோ சிட்ரிக் ஆசிட்டோதான் சரி. ஆக்ஸாலிக் தூள் விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தூளைக் காற்றில் கொட்டக் கூடாது, கரைத்த வாளி சமையல்கட்டுப் பக்கம் போகவே கூடாது.

அடுத்த போட்டியாளர் கழிப்பறை ஆசிட். இதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக். வேகத்தில் எல்லோரையும் தோற்கடிக்கும், அதுதான் ஆபத்தும். ஒருமுறை அவசரத்தில் இதை ஊற்றினேன். போட் வெளுத்தது உண்மை. ஆனால் வழிந்த ஆசிட் டிரெய்லரின் துத்தநாகப் பூச்சைத் தின்று, அடுத்த மழைக்குள் அங்கே துரு பூத்துவிட்டது. ஸ்டீல் போல்ட்டையும் அவுட்போர்டு இன்ஜினின் அலுமினியத்தையும் இது விடாது. போட்டின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசை உளியால் தட்டிய பிறகு ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டங்களை எடுக்க மட்டும், நன்றாக நீர்க்க வைத்து, துணியில் தொட்டு வைக்கிறேன்; அந்த வட்டம் சுண்ணாம்பு என்பதால் நுரைத்துக் கரைந்துவிடும். அதற்கு மேல் இதற்கு வேலை இல்லை.

பிளீச்சிங் திரவம் பாசிக்கு மட்டும். துருக்கறையில் போட்டால் இன்னும் அழுத்தமாக உட்கார வாய்ப்பு உண்டு. இதையும் எந்த ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

இனி சுரண்டும் கட்சி, அதாவது ரப்பிங் காம்பவுண்டும் பஃபிங் மெஷினும். பழைய போட்டுக்குப் பளபளப்பு திரும்ப வர வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரை மில்லிமீட்டர் தோலில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகிறது. மீசைக்காக வருடா வருடம் காம்பவுண்டு போடுகிறவர் சில வருடங்களில் அணியத்தின் முனையில் ஜெல்கோட் தாண்டிக் கண்ணாடி இழையைப் பார்த்துவிடுவார். முதலில் கரையுங்கள். கறை போன பிறகும் மங்கலாக இருந்தால் அப்புறம் காம்பவுண்டு.

எடுத்த கறை திரும்ப வராமல் இருக்க என்ன பூசுவது என்பது, போட் இரவில் எங்கே தூங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஓடிவிட்டுக் கரையேறும் போட்டுக்கு கார்னாபா மெழுகு போதும். பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது, நம் வெயிலில் சில மாதம் தாங்கும், கையாலேயே போட்டுவிடலாம். பாலிமர் சீலன்ட் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். செராமிக் கோட்டிங் எல்லாவற்றையும்விட நாள் தாங்கும்தான். ஆனால் பூசும் முன் தோலில் துளிக் கறைகூட இருக்கக் கூடாது, இருந்தால் அந்தக் கறைக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மணலில் இழுத்து ஏற்றும் மீன்பிடி போட்டுக்கு அது காசைக் கரைப்பது. அடிப்பாகத்தை மணலே தேய்த்துவிடும்.

வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் போட்டுக்கு இவை எதுவும் உதவாது. நீர்மட்டத்துக்குக் கீழே, கப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் கலந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட்தான், அதாவது பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட்தான் வழி. ஒரு காலத்தில் இதில் ட்ரைபியூட்டைல் டின் கலந்தார்கள். அது நத்தை, சிப்பிகளைக் கெடுப்பது தெரிந்து, 2001-ல் உருவான பன்னாட்டு ஒப்பந்தம் 2008-ல் நடைமுறைக்கு வந்து தடை செய்தது. செம்புப் பெயின்ட்டை அலுமினியத்தில் படவிடாதீர்கள், அலுமினியம் அரித்துப் போகும்.

மரப்படகுக்குப் பூசிய மீன் எண்ணெயை ஃபைபருக்கும் பூசலாமா என்று ஒருமுறை படகுத்துறையில் கேட்டேன். "தம்பி, மரம் குடிக்கும், இது குடிக்காது. தூசிதான் ஒட்டும்" என்றார் ஒரு பெரியவர். சோதித்தும் பார்த்துவிட்டேன், அவர் சொன்னதுதான் சரி.

இப்போது என் போட்டில் நீர்மட்டத்துக்கு மேலே மெழுகு, கரையேறியதும் ஈரம் காய்வதற்குள் இரண்டு வாளி நல்ல தண்ணீர், வருடத்துக்கு ஒரு தடவை ஆக்ஸாலிக் கஞ்சி. போன தடவை மீசை இருந்த இடத்தில் இந்தத் தடவை அரும்புதான்.