மர நிழலில் தரையை மூட வல்லாரையா, மாண்டோ புல்லா?

சீக்கிரம் பச்சை பிடிக்க வேண்டுமென்றால் வல்லாரைதான். ஓடுதண்டு மண்ணைத் தொடுகிற கணுவிலெல்லாம் வேர் விட்டுவிடும், ஒரு சாண் தண்டைக் கிள்ளி ஈர மண்ணில் படுக்கவைத்து, கணுமேல் கொஞ்சம் மண் தூவினாலே போதும். ஆனால் ஈரம் காய்ந்தால் வதங்கிவிடும். அடர் நிழலில் காம்பு மட்டும் நீண்டு, இடையிடையே வெறும் மண் தெரியும்.

பெரிய மரத்தடிக்கு என் ஓட்டு மாண்டோவுக்கு. பார்க்கப் புல் கொத்து மாதிரி இருக்கும் அலங்காரச் செடி இது; பேர்தான் புல், புல் இனமே இல்லை. அடர் நிழலையும், மர வேர்கள் தண்ணீரை இழுத்துக்கொள்வதையும், வேரூன்றிய பிறகு தாங்கிக்கொள்ளும். வளர்த்திதான் ஆமை வேகம், கொத்தைப் பிரித்து நான்கு விரல் இடைவெளியில் நட்டாலும் தரை மூட வருஷக்கணக்கில் ஆகலாம், அதுவரை களை பிடுங்க வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடாதீர்கள். நட்டுவிட்டு, கொத்துக்குள் புகுந்த வல்லாரையை இன்னும் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.