ரீபயோட்டா: சிறுநீரக மாற்று நோயாளியின் வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காதிருக்க நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை எடுத்துவரும் என் தந்தைக்கு, மருந்துகளுக்குக் கட்டுப்படாத இ.கோலை கிருமியால் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மெரோபெனம் என்ற வீரியமிக்க ஆன்டிபயாட்டிக்கை ஏற்றினார்கள். தொற்று அடங்கியதே தவிர, குடலில் குடியேறிவிட்ட கிருமி போகவில்லை. போதாக்குறைக்கு, நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துபோன குடலில் சி.டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகி, கடும் வயிற்றுப்போக்கும் திரும்பத் திரும்ப வந்தது. அதைத் தடுக்கத்தான், நாங்கள் வசிக்கும் அமெரிக்காவில், மருத்துவர் ரீபயோட்டாவைப் பரிந்துரைத்தார்.

ஃபெர்ரிங் நிறுவனத்தின் இந்த மருந்து, பரிசோதிக்கப்பட்ட கொடையாளர்களின் மலத்திலிருந்து தயாராவது. 2022 நவம்பரில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. உறைநிலையில் வரும் 150 மில்லி பையைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்து உருகவிட வேண்டும். கடைசி ஆன்டிபயாட்டிக் வேளை முடிந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அப்பாவை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பழுப்பு நிறத் திரவம் இருந்த பையைச் செவிலியர் உயர்த்திப் பிடிக்க, அது ஆசனவாயில் செருகிய மெல்லிய குழாய் வழியே தானாகவே இறங்கியது. வயிறு பிடித்துக்கொள்ளாதிருக்கக் கால் மணி நேரம் அப்படியே படுத்திருந்தார். மயக்க மருந்தும் இல்லை, பேதி மருந்தும் இல்லை என்பது, ஏற்கெனவே ஊசிகளால் நொந்துபோயிருந்த மனிதருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இதன் பலனை மிகைப்படுத்தக் கூடாது. முக்கிய ஆய்வில் வெற்றி விகிதம், அதாவது சி.டிஃபிசில் வயிற்றுப்போக்கு திரும்பாதவர்களின் பங்கு, சுமார் 70.6 விழுக்காடு; வெற்று மருந்து பெற்றவர்களிடமே அது 57.5 விழுக்காடாக இருந்தது. எங்களை வாட்டிய இ.கோலைக்கு இதைக் கொடுக்க ஒப்புதலே கிடையாது. அந்தத் திசையில் நம்பிக்கை தருவது, கொடையாளர் மலத்தைக் குடலில் செலுத்திப் பார்த்து எமரி பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ப்ரீமிக்ஸ் ஆய்வு: பங்கேற்ற 11 பேரும் சிறுநீரக மாற்று பெற்றவர்கள், சிகிச்சையை முழுமையாக முடித்த 9 பேரில் 8 பேரின் மலத்தில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத எதிர்ப்புக் கிருமி வளர்வது நின்றது. சிலரிடம், மருந்துக்குக் கட்டுப்படும் இ.கோலை வகையே போட்டியிட்டு எதிர்ப்பு வகையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வியக்க வைக்கும் முடிவுதான். ஆயினும் 11 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

பாதுகாப்பைப் பற்றி நான் பலமுறை விசாரித்தேன். 2019இல், எதிர்ப்புக் கிருமிகளுக்காகச் சோதிக்கப்படாத கொடையாளரின் மலத்தைக் குடலில் செலுத்தியதால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்குத் தொற்று ஏற்பட்டு, ஒருவர் இறந்தார். அதன் பிறகே அச்சோதனை கட்டாயமானது. உரிமம் பெற்ற தயாரிப்பை நாங்கள் நம்பியதற்கு அதுவே காரணம்.

வயிற்றுப்போக்கு அதன்பின் திரும்பவில்லை. எனினும், சிகிச்சைக்கு முன், ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கிருமியைத் தேடும் சோதனையைச் செய்யும்படி நாங்கள் கேட்டும் அந்த மருத்துவமனை அதைச் செய்யாததால், அப்பாவின் குடலில் இ.கோலை குறைந்ததா என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. உங்கள் வீட்டில் இதே நிலை இருந்தால், பை உருகத் தொடங்கும் முன்பே அந்தச் சோதனையை வற்புறுத்திக் கேளுங்கள்.