ஒரே விலையில் இரண்டு ரோட் பைக்: கடலூர்–பாண்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தது

லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் ரோட் பைக், அதாவது தார் ரோட்டில் வேகமாக ஓட்டுகிற கியர் சைக்கிள், கேட்டால் கடையில் இரண்டு ரகம் காட்டுவார்கள். ஒன்று ரேஸ் ரகம்: ஹேண்டில் தாழ்ந்திருக்கும், டயர் மெலிசு, வண்டியும் லேசு. இன்னொன்று எண்டூரன்ஸ், நெடுந்தூரம் அலுக்காமல் ஓட்டுவதற்கானது: முன்பக்கம் கொஞ்சம் உயரம், டயர் தடிப்பு, எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். 2023-ல் நான் இரண்டாவதை எடுத்தேன். கொஞ்ச நாளில் என் மச்சான் ஏறத்தாழ அதே விலைக்கு முதல் ரகத்தை எடுத்தான். இருவர் வீடும் மஞ்சக்குப்பத்தில். ஓட்டுவதும் ஒரே ரோடுகளில்தான். வேலை நாளில் முடிந்தபோது பாண்டிக்கு ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர், மனம் போனால் ஆரோவில் செம்மண், எப்போதாவது 200 கிலோமீட்டர் பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்). இந்த எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ட்ரெக்கில் டொமேன், ஜெயன்ட்டில் கான்டெண்ட், கேனன்டேலில் சினாப்ஸ், இவையெல்லாம் எண்டூரன்ஸ் பக்கம். எமோண்டா, டிசிஆர், கேட் வரிசை ரேஸ் பக்கம். எங்கள் வண்டிகள் எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இந்த விலையில் பெரும்பாலும் எல்லாரும் கியருக்கு ஷிமானோவிடம்தான் போகிறார்கள். பிரேக், செயின் எல்லாம் பெரும்பாலும் வெளியே வாங்கி மாட்டுவதுதான். கம்பெனிக்கென்று தனியாக இருப்பது பிரேமின் வடிவமும் பெயின்ட்டும். வடிவத்தைப் பார்த்தால் போதும்.

என் வண்டி அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை), ஷிமானோ கிளாரிஸ் கியர், முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரம், பின்னால் எட்டு பல்சக்கரம் 11 பல்லிலிருந்து 32 வரை, கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக், 32 மில்லிமீட்டர் டயர். மச்சான் வண்டியும் அலுமினியம், கார்பன் ஃபோர்க்தான். ஆனால் கியர் சோரா, பின்னால் ஒன்பது, 11-லிருந்து 28 வரை, ரிம் பிரேக், 25 மில்லிமீட்டர் டயர். ஷிமானோ வரிசையில் கிளாரிஸுக்கு மேலே சோரா, அதற்கு மேலே டியாக்ரா, அப்புறம் 105. காகிதத்தில் பார்த்தால் அவன் வண்டி ஒரு படி உசத்தி. வாங்கின அன்று தெருவில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், அவனும் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

கியரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடையில் அதிகம் பேசப்படுவது அதுதான். லீவரைத் தட்டுகிற உணர்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் கேபிள் ஹேண்டில் டேப்புக்கு அடியில்தான் போகிறது. வித்தியாசம் பல்லின் இடைவெளியில். என் கேசட்டில், அதாவது பின் பல்சக்கர அடுக்கில், 15-க்கு அடுத்தது 18. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் 18-ல் வேகம் முப்பது, 15-ல் முப்பத்தாறு. நடுவே 33-ல் போக நினைத்தால் ஒன்று வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லை கனமாக மிதிக்க வேண்டும். அவனுக்கு அந்த இடத்தில் ஒரு 16 இருக்கிறது. கூட்டமாக ஈசிஆரில் போகும்போது இந்த ஒரு பல் நிஜமாகவே உறைக்கும். காலாப்பட்டு தாண்டி மரக்காணம் நோக்கி வாடைக்காற்றில் போகும்போது நான் கியரை மாற்றி மாற்றித் தேடுவேன், அவன் ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டு போவான். சோராவுக்குக் கொடுக்கிற காசு இதற்குத்தான். தினமும் குழுவோடு ஓட்டுபவருக்கு அது நியாயமான காசு.

தனியாக ஓட்டுபவர்களுக்கு? கடலூர்–பாண்டி ரோட்டை எடுத்துக்கொள்வோம். ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், அப்புறம் முதலியார்பேட்டை. இருபது சொச்சம் கிலோமீட்டர், ஒரு மேடு கிடையாது. ஆனால் இந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பின்னால் தனியார் பஸ் ஏர்ஹார்ன் அடித்தால் சைக்கிள்காரன் தாரில் இருக்க முடியாது. இறங்கித்தான் ஆக வேண்டும். தார் முடிகிற இடத்தில் நாலு விரல் பள்ளம், அதற்குக் கீழே மணலும் ஜல்லியும். 25 டயரில் அந்த விளிம்பைச் சாய்வாகத் தொட்டால் முன் சக்கரம் தாரை ஒட்டியே உரசிக்கொண்டு போகும், ஏற மறுக்கும். மச்சான் அங்கே விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். 32-ல் வண்டி இறங்கும், கொஞ்சம் தள்ளாடும், மறுபடி ஏறும், அவ்வளவுதான். நம்ம ஊரில் ரோட் பைக் வாங்குபவர் ரோட்டைப் பார்ப்பதைவிட ரோட்டோரத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. நாலு வழிச்சாலை வேலைக்காகத் தோண்டிப் போட்ட இடங்களில் ஓரம் என்பதே தினமும் இடம் மாறியது, அந்த நாட்களில் எனக்கு இந்த எண்ணம் உறுதியாகிவிட்டது.

தடித்த டயர் என்றால் மெதுவாகப் போகும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். என் எடை எழுபத்தைந்து கிலோ. டயரில் காற்றழுத்தம் பின்னால் 65, முன்னால் 60 பிஎஸ்ஐ வைக்கிறேன். மச்சான் 90-க்குக் கீழே விட்டால் குழியின் விளிம்பு ரிம்மில் இடித்து டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 90-ல் வைத்தால் கரடுமுரடான தாரில் வண்டி ஓயாமல் குதிக்கும். குதிக்கிற ஒவ்வொரு முறையும் முன்னால் போக வேண்டிய சக்தி உடம்பை உலுக்குவதில் போகிறது. காலாப்பட்டுப் பக்கம் வழவழப்பான இடங்களில் அவன் முந்துவான். கன்னியக்கோயிலில் திரும்பி பாகூர் ஏரி வழியாகப் போகிற உள்ரோட்டில் நான் கஷ்டப்படாமல் பக்கத்தில் இருப்பேன். வேகத்தைத் தீர்மானிப்பது டயரைவிட காற்றை எப்படி வாங்குகிறோம் என்பது. தாழக் குனிந்தால் அவன் வண்டியில் காற்று குறைவாக அடிக்கும், உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் குனிய முடியுமா என்பதுதான் கேள்வி. பிரெவேயில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், சராசரி 15 வந்தால் போதும். அங்கே ஜெயிப்பது கழுத்தும் இடுப்பும்தான். என் ஹேண்டில் அவனுடையதைவிட ஒரு இரண்டு செண்டிமீட்டர் உயரம் இருக்கும். அந்த இரண்டு செண்டிமீட்டர் மாலை நாலு மணிக்கு மேல்தான் தன் வேலையைக் காட்டும்.

பஞ்சர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ரோடுகளில் சீமைக்கருவேல முள், அது எல்லாருக்கும் தெரிந்த எதிரி. ஹைவேயில் வேறு: லாரி டயர் வெடித்துச் சிதறியதில் இருந்து வருகிற கம்பி இழை. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அரை இஞ்ச்கூட இருக்காது. டயருக்குள் குத்தி நிற்கும், வெளியே பார்த்தால் தெரியாது. டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்புவீர்கள், முருங்கப்பாக்கம் வருவதற்குள் மறுபடி சப்பை. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டினால் சுருக்கென்று படும், அதைப் புருவம் பிடுங்குகிற இடுக்கியால்தான் எடுக்க முடியும். என் பையில் டயர் லீவருக்குப் பக்கத்தில் அந்த இடுக்கி எப்போதும் உண்டு. கூடவே ஒரு சின்ன பித்தளை அடாப்டர். ரோட் பைக்கின் ஒல்லி வால்வுக்கு பெட்ரோல் பங்க்கில் காற்று ஏறாது, அடாப்டர் திருகினால் ஏறும். பஞ்சர் கடைக்காரருக்கும் அதைக் கொடுத்தால்தான் அவர் வேலையைப் பார்ப்பார். மச்சானுக்குப் பஞ்சர் என்னைவிட அதிகம். "மாமா, முள்ளு ரோட்டுல கிடக்கல, என் டயருக்குள்ளயே முளைக்குது" என்பான்.

மேடு என்று சொல்லிக்கொள்ள கடலூரில் கேப்பர் மலைதான். திருவந்திபுரம் பக்கமிருந்து ஏறினால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும், அவ்வளவே. அங்கே எந்த வண்டியும் ஏறிவிடும். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, அங்கேதான் வண்டிகளின் லட்சணம் தெரிந்தது. முன்னால் 34, பின்னால் 32 வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்து போகலாம். 28 பல் என்றால் அதே 60 சுற்றுக்கு ஒன்பதுக்கு மேல் போயாக வேண்டும். கேட்க ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். ஆனால் அதற்கு மேல் சக்தி இல்லாதபோது மிதிப்பு 50-க்கு இறங்கும், முட்டி வலிக்கும். அவன் பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் நின்றுகொண்டேதான் மிதித்தான். பெரிய கேசட் மாற்றிக்கொள்ளலாம், செலவும் அதிகமில்லை. ஆனால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்துகிற பின் டீரெய்லரின் கூண்டு நீளம் அதைத் தாங்குமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இனி மழையும் உப்பும். இந்த இரண்டும் இல்லாத ஊர்க்காரர்கள் எழுதுகிற ரிவ்யூவை நம்பிக் கடலூரில் வண்டி வாங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆபீஸ் போனால் சக்கரம் வாரி அடிக்கிற சேற்றில் முதுகு முழுக்க ஒரு கோடு விழும். என் பிரேமில் மட்கார்டுக்கும் கேரியருக்கும் துளை இருக்கிறது, முழு மட்கார்ட் மாட்டியிருக்கிறேன். அவன் பிரேமில் துளை கிடையாது, சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு செருகி வைத்திருக்கிறான், அது மனதுக்கு ஆறுதல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அதன் பின்னாலேயே தென்பெண்ணை பொங்கி வந்ததே, அதற்கப்புறம் பல வாரம் ரோடெல்லாம் வண்டல். நனைந்த மணல் ரிம் பிரேக் கட்டையில் ஒட்டினால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நறநறவென்று அலுமினியத்தை அரைக்கும். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரப்பருக்குள் பளபளவென்று அலுமினியத் துகள் பதிந்திருக்கும். ரிம்மின் பக்கத்தில் தேய்மானம் காட்ட ஒரு கோடோ புள்ளியோ இருக்கும், அது மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும். டிஸ்க்கில் பேட் மட்டும் போகும், சக்கரம் தப்பிக்கும். அதற்காக என் கேபிள் டிஸ்க்கைப் பெரிதாகப் புகழ மாட்டேன். பேட் தேயத் தேயத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மழை நாளில் எருமை மாதிரி கத்தும். சுத்தமான வெயில் நாளில் ரிம் பிரேக் கையில் படுகிற மென்மை அதில் கிடையாது.

உப்புக்கு முன்னால் இரண்டு வண்டியும் ஒன்றுதான். தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போய்விட்டுத் துடைக்காமல் நிறுத்தினால் மறுநாளே பாட்டில் ஸ்டாண்டின் போல்ட்டில் பழுப்பு பூத்திருக்கும். இன்னும் மோசம் கண்ணில் படாத இடங்கள். சீட் போஸ்ட்டைக் கிரீஸ் இல்லாமல் விட்டால் பிரேமோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தப் பலசாலியாலும் உருவ முடியாது. ஹேண்டில் டேப்பைப் பிரித்தபோது அடியில் வியர்வையும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாகப் பூக்க வைத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை டேப்பை மாற்றுவது அழகுக்காக இல்லை என்று அன்று புரிந்தது. ஓட்டி வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துணி, செயினில் எண்ணெய். கடலோரத்தில் வண்டி பிழைக்க இதைவிட்டால் வழியில்லை.

செயின் விஷயத்தில் என் எட்டு கியர் சந்தோஷம் தருகிறது. எட்டு ஸ்பீடு செயின் தடிப்பானது, விலை குறைவு, செயின் எத்தனை சதவீதம் நீண்டுவிட்டது என்று காட்டுகிற தேய்மான அளவுகோலில் 0.75 வரை ஓட்டலாம். பதினொன்று, பன்னிரண்டு ஸ்பீடுக்கு 0.5-லேயே மாற்றச் சொல்கிறார்கள். பெரியமுதலியார்சாவடியில் திரும்பி குயிலாப்பாளையம் வழியாகச் செம்மண்ணில் ஒரு சுற்று போய்வந்தால் செயின் மசாலா அரைத்த மாதிரி ஆகிவிடும். அப்போது விலை குறைந்த செயின் வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்கலாம்.

மச்சான் இப்போது 28 டயர் போட்டிருக்கிறான். பின் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே ஒரு ஏடிஎம் கார்டு நுழைகிற இடம்தான் மிச்சம், ஈரச் செம்மண் ஒட்டினால் உரசுகிறது. அதனால் ஆரோவிலுக்கு வர மாட்டேன் என்கிறான். அதற்கு மேல் அந்த பிரேமில் டயர் ஏறாது. என்னுடையதில் 35 ஏறும், அடுத்த முறை அதைத்தான் போடப் போகிறேன். டேப், செயின், டயர், கேசட், கியர் செட் எல்லாவற்றையும் பின்னால் மாற்றலாம். டயருக்கான இடமும், மட்கார்ட் துளையும், ஹேண்டில் உயரமும் பிரேமோடு பிறந்தவை.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மரக்காணம் உப்பளம் வரை போய், ஒன்பது மணிக்குள் வீடு திரும்பி, மற்ற நேரம் மோட்டார் பைக்கிலோ காரிலோ போகிறவர் என்றால் மச்சான் வண்டியையே வாங்குங்கள். முப்பது வயதுக்குள் இருந்து, இடுப்பு ஒத்துழைத்து, நண்பர்களோடு இழுத்துப்பிடித்து ஓட்டுகிற ஆசையும் இருந்தால் அதில் கிடைக்கிற துள்ளல் என் வண்டியில் கிடைக்காது. சிக்னலில் இருந்து எழுந்து இரண்டு மிதி மிதித்தாலே தெரியும். மற்றவர்கள் கடையில் போய் முதலில் கேட்க வேண்டியது: இந்த பிரேமில் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் டயர் ஏறும், பின்னால் பெரிய பல்சக்கரம் எத்தனை பல், மட்கார்டுக்குத் துளை உண்டா. அப்புறம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், கடை வாசலில் ஒரு வட்டம் அடித்தால் ஒன்றும் தெரியாது, அரைமணி நேரமாவது வேண்டும். தரமாட்டேன் என்றால் பாண்டியில் வேறு கடை இருக்கிறது.